ஐ7 என்றால் எந்த ஐ7? அக்கா பையனுக்குப் பிராசசர் தேடிய கணக்கு

போன ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கடலூரிலிருந்து அக்கா போன் பண்ணினாள். பையன் பிளஸ் டூ முடித்துவிட்டான், இன்ஜினியரிங் சேரப் போகிறான், கம்ப்யூட்டர் வேண்டும் என்கிறான்.

"தம்பி, டவுன்ல ஒரு கடையில கேட்டோம். ஐ7-ங்கிறான், பதினாறு ஜிபி-ங்கிறான், நாலு ஜிபி கிராபிக்ஸ் கார்டும் இருக்காம். மானிட்டர் இல்லாம முப்பத்திரெண்டாயிரம். இந்த மாசம் சீட்டு எடுத்த காசு கையில இருக்கு. வாங்கிடவா?"

"ஐ7-க்குப் பக்கத்துல என்ன நம்பர் போட்டிருக்கு?"

"அது என்ன நம்பரோ. ஐ7-னா பெருசுதானே?"

பையனிடம் கொட்டேஷனை வாட்ஸப்பில் அனுப்பச் சொன்னேன். ஐ7-4770, 16 ஜிபி டிடிஆர்3, ஜிடி 730 நாலு ஜிபி, 512 ஜிபி எஸ்எஸ்டி. பார்த்ததும், "ரெண்டு நாள் பொறு, நான் கணக்குப் போட்டுச் சொல்றேன்"னு அக்காவிடம் சொன்னேன். அந்த ரெண்டு நாள் இரண்டு வாரமாகிவிட்டது என்பது வேறு விஷயம்.

இங்கே வழக்கமாக ஊர்ப்பெயர், பழைய ஆவணம் என்று எழுதுகிறவன் திடீரென்று சிப்புக்கு வந்துவிட்டானே என்று நினைக்க வேண்டாம். ஒரு பெயரைப் பார்த்து அதன் காலத்தைக் கண்டுபிடிப்பதுதான் இங்கேயும் வேலை. அன்று சேர்த்த குறிப்புகளை ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். இதே நிலையில் நிற்கிற வேறு வீடுகளுக்கும் உதவும்.

முதலில் ஒரு சொல் தகராறு. நம்மூரில் சிபியு என்றால் மேசைக்கு அடியில் இருக்கிற பெட்டி முழுவதும். இந்தக் கட்டுரையில் பிராசசர் என்று நான் சொல்வது, அந்தப் பெட்டிக்குள் மதர்போர்டில் உட்கார்ந்திருக்கும் உள்ளங்கையைவிடச் சின்னதான சதுரச் சில்லை மட்டும்.

1. ஐ7 ஒரு பட்டம், ஒரு வயது அல்ல

இன்டெல் நிறுவனத்தின் ஐ3, ஐ5, ஐ7 என்பவை அந்தந்த வருடத்துச் சிப்புகளுக்குள் கீழ், நடு, மேல் என்று சொல்லும் வரிசை, அவ்வளவுதான். எந்த வருடம் என்பது பக்கத்தில் இருக்கும் எண்ணில் இருக்கிறது. 4770 என்றால் முதல் இலக்கம் 4, அதாவது நான்காம் தலைமுறை. வெளிவந்தது 2013 ஜூன். அப்போது என் அக்கா பையன் இரண்டாம் வகுப்பு.

12100 என்றால் முதல் இரண்டு இலக்கம் 12, பன்னிரண்டாம் தலைமுறை. ஐ3-12100எஃப் வெளிவந்தது 2022 ஜனவரி. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஐ7-4770: நாலு கோர், எட்டு திரெட், அதிகபட்ச வேகம் 3.9 கிகாஹெர்ட்ஸ், கேஷ் 8 எம்பி.

ஐ3-12100எஃப்: நாலு கோர், எட்டு திரெட், அதிகபட்ச வேகம் 4.3 கிகாஹெர்ட்ஸ், கேஷ் 12 எம்பி.

பேப்பரில் பார்த்தால் கிட்டத்தட்ட ஒன்று போலத்தான் தெரியும். ஆனால் ஒரே ஒரு கோரை மட்டும் ஓடவிட்டு அளந்தால், இந்த "சின்ன" ஐ3 அந்தப் "பெரிய" ஐ7-ஐ விட ஒன்றரை மடங்குக்குக் குறையாத வேகம். காரணம், கிகாஹெர்ட்ஸ் என்பது ஒரு நொடியில் எத்தனை துடிப்பு என்பதை மட்டும்தான் சொல்கிறது. ஒரு துடிப்பில் எவ்வளவு வேலை முடிகிறது என்பதைச் சொல்வதில்லை. இருவர் ஒரே வேகத்தில் நடவு நட்டாலும், ஒவ்வொரு தடவையும் ஒருவர் கையில் இரண்டு நாற்று, இன்னொருவர் கையில் மூன்று நாற்று என்றால் சாயங்காலம் யாருடைய வயல் நிறைந்திருக்கும்? இந்த ஒன்பது வருடத்தில் மாறியது முக்கியமாக அதுதான்.

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. அது ஐ7 தான். அலுவலகங்களில் பயன்படுத்திக் கழித்த கணினிகள் மொத்தமாக வரும், துடைத்து, எஸ்எஸ்டி போட்டு விற்பார்கள். பில் போட, டைப் அடிக்க, பாட்டுக் கேட்க அது தாராளமாகப் போதும். ஆனால் நமக்கு மூன்று சிக்கல் உண்டு. ஒன்று, விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் அனுமதிக்கும் இன்டெல் பட்டியல் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. இரண்டு, அந்த மதர்போர்டில் இனி மேலே போக வழியில்லை. ரேமும் பழைய டிடிஆர்3. மூன்று, அந்த "நாலு ஜிபி கிராபிக்ஸ் கார்டு". ஜிடி 730 வந்தது 2014-இல். நாலு ஜிபி என்பது அதன் நினைவகத்தின் கொள்ளளவு, வேகம் அல்ல. சின்ன அடுப்பில் பெரிய குண்டானை ஏற்றி வைத்தது மாதிரி.

2. கேமுக்குள் பிராசசர் என்னதான் செய்கிறது?

இதைப் பையனுக்குச் சொல்லிப் புரியவைத்தது சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பரோட்டாக் கடையில்தான். அங்கே ஒருவர் மாவை வீசி, சுருட்டி, தட்டி வைக்கிறார். இன்னொருவர் கல்லில் போட்டுச் சுட்டு எடுக்கிறார்.

கேமில் பிராசசர் மாவு வீசுகிறவர். எதிரி எங்கே நிற்கிறான், சுட்ட குண்டு பட்டதா, கார் மோதினால் எந்தப் பக்கம் திரும்பும், நெட்வொர்க்கில் மற்ற ஆட்டக்காரர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று எல்லாவற்றையும் முடிவு செய்து, "இதை வரை" என்று கட்டளை தயார் பண்ணுவது அவர் வேலை. கிராபிக்ஸ் கார்டு கல்லில் நிற்பவர். அந்தக் கட்டளையை வாங்கித் திரையில் ஒவ்வொரு புள்ளிக்கும் நிறம் போடுவது அவர் வேலை.

மாவு வீசுபவர் மெதுவாக இருந்தால் கல் சும்மா காயும். கல் சின்னதாக இருந்தால் தட்டிய மாவு அடுக்கடுக்காகக் காத்திருக்கும். வாடிக்கையாளருக்குக் கிடைக்கும் பரோட்டா எண்ணிக்கையை முடிவு செய்வது இருவரில் யார் மெதுவோ அவர்தான்.

இதில் நேரக் கணக்கும் உண்டு. ஒரு நொடியில் 60 ஃபிரேம் வேண்டுமென்றால் ஒரு ஃபிரேமுக்கு 16.7 மில்லிசெகண்ட். 144 வேண்டுமென்றால் 6.9 மில்லிசெகண்ட்தான். இருவரும் அவரவர் பங்கை அந்த நேரத்துக்குள் முடிக்க வேண்டும். இதிலிருந்து இரண்டு விஷயம் வருகிறது.

முதலாவது, திரையின் அளவைக் கூட்டினால் சுமை ஏறுவது பெரும்பாலும் கல்லுக்குத்தான். 1920-க்கு 1080 என்றால் சுமார் 20.7 லட்சம் புள்ளி; 2560-க்கு 1440 என்றால் சுமார் 36.9 லட்சம். எதிரி எங்கே நிற்கிறான் என்ற கணக்கு இரண்டிலும் ஒன்றுதான். எனவே பெரிய திரை, அழகான காட்சி என்று போகிறவர்கள் காசைக் கிராபிக்ஸ் கார்டில் போட வேண்டும். சின்னத் திரையில் வேலோரண்ட், கவுன்டர் ஸ்டிரைக் 2 போல அதிக ஃபிரேம் கேட்கும் ஆட்டம் ஆடுகிறவர்களுக்குப் பிராசசர் முக்கியம்.

இரண்டாவது, உங்கள் மானிட்டர். அக்கா வீட்டில் கொரோனா ஆன்லைன் வகுப்புக்காக வாங்கிய மானிட்டர் 75 ஹெர்ட்ஸ். அது நொடிக்கு 75 தடவைதான் படத்தை மாற்றும். கம்ப்யூட்டர் 200 ஃபிரேம் தயாரித்தாலும் கண்ணுக்கு வருவது அதேதான். 200 வர வேண்டுமென்று பிராசசருக்கு ஐயாயிரம் கூடுதலாகக் கொடுப்பது, அந்த வீட்டில், வீண்.

ஏற்கெனவே கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். கேம் ஓடும்போது ரெசல்யூஷனை 1080-லிருந்து 720-க்கு இறக்குங்கள். ஃபிரேம் எண்ணிக்கை நன்றாக ஏறினால் தடை கிராபிக்ஸ் கார்டில். ஏறவே இல்லையென்றால் தடை பிராசசரில். புதிதாக எதை வாங்குவது என்று இந்த ஒரு சோதனையே சொல்லிவிடும், யாரிடமும் கேட்க வேண்டாம்.

3. கோர், கேஷ், வால் எழுத்து

"கோர் நிறைய இருந்தா நல்லதுதானே மாமா? ஆன்லைன்ல பன்னெண்டு கோர் ஜியான் கம்மி விலைக்கு வருதே" என்று பையன் கேட்டான். நல்ல கேள்வி. ஜியான் இ5-2670 வி3 என்பது 2014-இல் சர்வர்களுக்காக வந்த சிப். பன்னிரண்டு கோர், இருபத்து நாலு திரெட். ஆனால் ஒரு கோர் அதிகபட்சம் 3.1 கிகாஹெர்ட்ஸ்தான் போகும், துடிப்புக்கு ஆகும் வேலையும் பழைய கணக்கு. சர்வரில் பன்னிரண்டு பேருக்குப் பன்னிரண்டு தனித்தனி வேலை இருக்கும். கேமில் அப்படி இல்லை. ஒரு முக்கியமான வேலைச் சங்கிலி இருக்கும். அதில் ஒன்று முடிந்தால்தான் அடுத்தது. அது ஒரே கோரில் ஓடும். அந்த ஒரு கோர் மெதுவென்றால் மற்ற பதினொன்றும் கைகட்டி வேடிக்கை பார்க்கும்.

அதற்காக ஒரே கோர் போதுமென்றும் சொல்ல முடியாது. இப்போதைய பெரிய கேம்கள் ஆறு கோரை நன்றாகவே பயன்படுத்திக்கொள்கின்றன. நாலு கோரில் சராசரி ஃபிரேம் நன்றாகத் தெரிந்தாலும் கூட்டமான காட்சியில் திக்கித் திக்கி நிற்கும். விமர்சனங்களில் சராசரிக்குப் பக்கத்தில் "1 சதவீதம் குறைந்தபட்சம்" என்று ஒரு எண் போட்டிருப்பார்கள். ஆட்டம் எவ்வளவு வழுக்கிக்கொண்டு போகும் என்பதை அந்த எண்தான் சொல்லும். என் கணக்கில், பட்ஜெட் கேமிங்குக்குப் புதிய தலைமுறையில் ஆறு கோர், பன்னிரண்டு திரெட் சரியான இடம். நாலு கோர், எட்டு திரெட் குறைந்தபட்சம்.

அடுத்து கேஷ். இதை யாரும் கடையில் சொல்ல மாட்டார்கள், ஆனால் கேமுக்கு இது பெரிய விஷயம். மாவு வீசுபவருக்கு எண்ணெய்க் கிண்ணம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் ஒரு வேகம். ஒவ்வொரு தடவையும் உள்ளே ஸ்டோர் ரூமுக்குப் போய் எடுத்து வந்தால் வேறு வேகம். கேஷ் என்பது கைக்கெட்டும் கிண்ணம், ரேம் ஸ்டோர் ரூம். இதற்குச் சரியான சான்று ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 7 5800எக்ஸ், 5800எக்ஸ்3டி என்ற இரண்டு சிப்புகள். இரண்டுக்கும் எட்டு கோர், ஒரே தலைமுறை. முதலாவது 4.7 கிகாஹெர்ட்ஸ் வரை போகும், எல்3 கேஷ் 32 எம்பி. இரண்டாவது 4.5 வரைதான் போகும், ஆனால் கேஷ் 96 எம்பி. வேகம் குறைந்த அந்த இரண்டாவதுதான் பெரும்பாலான கேம்களில் ஜெயித்தது.

அதே பாடம் மலிவு விலையிலும் உண்டு. ரைசன் 5 5600-க்கும் ரைசன் 5 5500-க்கும் பெயரில் நூறுதான் வித்தியாசம், இரண்டிலும் ஆறு கோர். ஆனால் முதலாவதில் 32 எம்பி, இரண்டாவதில் 16 எம்பி. கிராபிக்ஸ் கார்டு போட்டு ஆடும்போது அது நன்றாகவே தெரியும். விலை வித்தியாசம் ஓரிரு ஆயிரம்தான் என்றால் 5600-ஐ எடுங்கள்.

கடைசியில் வால் எழுத்துகள். இன்டெல்லில் "எஃப்" என்று முடிந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. தனியாகக் கார்டு போடாவிட்டால் திரையில் படமே வராது. "கே" என்றால் வேகத்தை நாமே முறுக்கிக்கொள்ளலாம். பட்ஜெட்டில் அது தேவையில்லை. ஏஎம்டியின் 5000 வரிசையில் இது தலைகீழ். சாதாரணமாக உள்ளே கிராபிக்ஸ் இருக்காது. "ஜி" என்று முடிந்தால்தான் இருக்கும். 5600ஜி-யில் வேகா 7 என்ற கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது. அதற்கு ஈடாகக் கேஷ் 16 எம்பி ஆகக் குறைந்துவிட்டது.

4. எங்கள் கணக்கு

அக்காவிடம் மறுபடி பேசினேன். இப்போது கையில் முப்பத்து மூவாயிரம் வரை. தீபாவளிக்கு இன்னொரு சீட்டு விழும், அதில் இருபதாயிரம் வரை தரலாம். அதற்கு மேல் கிடையாது. பையனின் காலேஜ் ஃபீஸ் அதற்குப் பிறகும் இருக்கிறது.

இந்த ஒரு தகவல்தான் பிராசசரைத் தேர்ந்தெடுத்தது. ஐம்பத்து மூவாயிரமும் ஒரே நாளில் கையில் இருந்திருந்தால் ரைசன் 5 5600 அல்லது ஐ5-12400எஃப் வாங்கி, மீதியில் கிராபிக்ஸ் கார்டு போட்டிருப்பேன். ஆனால் அந்த இரண்டிலும் கார்டு இல்லாமல் திரை எரியாது. தீபாவளி வரை நாலு மாசம் பெட்டியை வைத்துப் பூஜையா பண்ணுவது? எனவே 5600ஜி. இப்போது உள்ளிருக்கும் கிராபிக்ஸில் படிப்பும் சின்ன ஆட்டமும் ஓடட்டும், தீபாவளிக்குக் கார்டு வரட்டும்.

புதிய ஏஎம்5 சாக்கெட்டுக்கு ஏன் போகவில்லை? அது நல்ல வழிதான். 2022-இல் வந்தது, 2027-க்கும் அப்பால் ஆதரவு தருவதாக ஏஎம்டி சொல்லியிருக்கிறது. ஆனால் அதில் டிடிஆர்5 ரேம் மட்டும்தான் போகும், போர்டும் விலை கூட. உள்ளே கிராபிக்ஸ் உள்ள 8600ஜி-யோடு கூட்டிப் பார்த்தால் பத்தாயிரத்துக்கு மேல் கூடுதல். அந்தப் பத்தாயிரம்தான் எங்கள் கிராபிக்ஸ் கார்டில் பாதி.

சென்னை ரிச்சி தெருவுக்கு ஒரு நாள் போய் வந்தேன். அன்று கொடுத்த விலை இது. இன்று மாறியிருக்கும், விகிதத்தை மட்டும் பாருங்கள்.

ரைசன் 5 5600ஜி: 11,500
ஏ520 மதர்போர்டு: 5,200
16 ஜிபி டிடிஆர்4 ரேம்: 3,400
500 ஜிபி எஸ்எஸ்டி: 3,200
550 வாட் எஸ்எம்பிஎஸ்: 4,000
கேபினட்: 2,500
600 விஏ யூபிஎஸ்: 3,000

மொத்தம் 32,800. அந்தப் பழைய ஐ7 பெட்டியைவிட எண்ணூறு ரூபாய்தான் அதிகம், அதிலும் யூபிஎஸ் சேர்த்து. எல்லாம் புதுசு, பிராசசருக்கு மூன்று வருட வாரன்டி. இதைக் கேட்ட பிறகுதான் அக்கா, "அப்ப சரி"ன்னாள்.

வாங்கும்போது கவனிக்க மூன்று விஷயம். பிராசசர் பெட்டியோடு சீல் உடையாமல் வர வேண்டும். "டிரே" என்று தனியாகத் தருவது சற்று மலிவு, ஆனால் நிறுவனத்தின் வாரன்டி நேரடியாகக் கிடைக்காது, கூலரும் வராது. பழைய ஸ்டாக் மதர்போர்டு என்றால் பயாஸ் இந்தப் பிராசசருக்குத் தோதாக அப்டேட் ஆகியிருக்கிறதா என்று கடையிலேயே கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் வீட்டில் வந்து கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மூன்றாவது, ஏஎம்4 சிப்புகளில் 1331 ஊசிகள் சிப்பின் அடியிலேயே இருக்கும். ஒன்று வளைந்தாலும் வம்பு. கிளாம்பாக்கத்தில் பஸ் பிடித்துக் கடலூர் வரும்வரை அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேதான் வந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் ஸ்வீட் பாக்ஸ் என்று நினைத்திருப்பார்.

5. நான் செய்த தப்பு

இவ்வளவு கணக்குப் போட்டவன் ஒரு இடத்தில் சறுக்கினேன். ரேம் வாங்கும்போது 16 ஜிபியை ஒரே குச்சியாக வாங்கினேன். "நாளைக்கு இன்னொண்ணு போட்டா 32 ஆயிடும்" என்ற நினைப்பு. பையன் ஜிடிஏ 5 போட்டான், 1080-இல் செட்டிங்கைக் குறைத்தும் நாற்பதைத் தாண்டவில்லை. "என்ன மாமா, யூடியூப்ல இதே பிராசசர்ல நல்லா ஓடுது?"

இரண்டு நாள் டிரைவர், பயாஸ் என்று எதையெல்லாமோ தோண்டினேன். பிறகுதான் உறைத்தது. 5600ஜி-யின் கிராபிக்ஸுக்குத் தனி நினைவகம் கிடையாது, ரேமிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. டிடிஆர்4-3200 ஒரு குச்சி என்றால் நொடிக்கு 25.6 ஜிபி போகும் ஒற்றைப் பாதை. இரண்டு குச்சி சரியான துளைகளில் போட்டால் இரட்டைப் பாதை, 51.2 ஜிபி. ஒப்பிட்டுப் பார்க்க, ஆர்எக்ஸ் 6600 என்ற கிராபிக்ஸ் கார்டுக்குத் தன் சொந்த நினைவகத்தோடு நொடிக்கு 224 ஜிபி. ஏற்கெனவே குறுகலான பாதையில் பாதியை நானே அடைத்து வைத்திருந்தேன்.

தப்பு என்னுடையது, காசும் என்னுடையதாக இருக்கட்டும் என்று 8 ஜிபி குச்சி இரண்டு வாங்கிப் போட்டேன். ஒற்றைக் குச்சியை என் கணினியில் செருகிக்கொண்டேன். அதே கேம், அதே செட்டிங், அறுபதைத் தாண்டியது. பிராசசரில் எதையும் மாற்றவில்லை. உள்ளே கிராபிக்ஸ் உள்ள பிராசசர் வாங்குகிறவர்கள் இந்த ஒரு வரியை மட்டுமாவது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: ரேம் எப்போதும் ஜோடியாக.

6. கடலூர் வெயில், உப்புக் காற்று, கரன்ட்

யூடியூப் விமர்சகர்கள் ஏசி அறையில் உட்கார்ந்து அளக்கிறார்கள். கூலர் செய்வது சிப்பின் சூட்டை அறைக் காற்றுக்குத் தள்ளுவது மட்டும்தான். அறை 25 டிகிரியில் சிப் 70 டிகிரி என்றால், அக்னி நட்சத்திரத்தில் 38 டிகிரி அறையில் அதே வேலைக்குச் சுமார் 83 ஆகும். 5600ஜி-யின் எல்லை 95. எட்டியதும் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எனவே நம்மூரில் ஏசி இல்லாத வீட்டுக்கு 65 வாட் வகைப் பிராசசர்தான் ஏற்றது. நூற்றுக்கு மேல் வாட் இழுக்கும் சிப்பை மலிவாகத் தந்தாலும், அதற்குக் கூலர், எஸ்எம்பிஎஸ், யூபிஎஸ் எல்லாம் கூடவே பெரிதாகும்.

இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை மேல்நிலைச் சிப்புகள் சிலவற்றில், மின்னழுத்தம் தேவைக்கு மேல் ஏறி, காலப்போக்கில் சிப்பே பழுதாகும் சிக்கல் 2024-இல் பெரிதாக வெளிவந்தது. மைக்ரோகோட் திருத்தம் கொடுத்து, வாரன்டியையும் இரண்டு வருடம் நீட்டினார்கள். பழைய கைமாற்றில் அவை வந்தால் பயாஸ் அப்டேட் ஆனதா என்று பார்க்காமல் தொடாதீர்கள். 12-ஆம் தலைமுறையில் அந்தச் சிக்கல் இல்லை.

பெட்டியைக் கடல் பக்க ஜன்னலை ஒட்டி வைக்க வேண்டாம். தேவனாம்பட்டினம் பக்கம் வீட்டுக் கிரில் எப்படித் துருப்பிடிக்கிறதென்று பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை தூசி தட்டுங்கள். யூபிஎஸ் கட்டாயம். 600 விஏ என்றால் வழக்கமாக 360 வாட் வரை தாங்கும். எங்கள் பெட்டியின் மொத்தச் சுமை அதற்குள் அடங்கும், சேமித்து அணைக்கிற அளவுக்கு நேரம் கிடைக்கும்.

7. உங்கள் கையில் எவ்வளவு?

சுருக்கமாக என் முடிவுகள்.

கார்டு வாங்கக் காசு இப்போதைக்கு இல்லை, பின்னால் வரும்: 5600ஜி, ரேம் இரண்டு குச்சி.

கார்டும் சேர்த்து இப்போதே வாங்கலாம், ஆனால் இறுக்கம்: ஐ3-12100எஃப். மிச்சமாகும் காசைக் கார்டில் போடுங்கள்.

ஐம்பதாயிரத்தைத் தாண்டலாம்: ரைசன் 5 5600 அல்லது ஐ5-12400எஃப். இரண்டுக்கும் கேமில் பெரிய வித்தியாசமில்லை. போர்டோடு சேர்த்து எது அன்றைக்கு மலிவோ அது.

எழுபதாயிரத்தைத் தாண்டலாம்: ஏஎம்5-இல் ரைசன் 5 7600. நாலு வருடம் கழித்துப் பிராசசரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

பொதுவாக, கேமிங் பெட்டியில் பிராசசருக்கு ஒரு பங்கு என்றால் கிராபிக்ஸ் கார்டுக்கு இரண்டு பங்கு என்று வைத்துக்கொண்டால் தப்பாகாது. கிரிக்கெட் 07 மட்டும்தான் ஆடுவேன் என்கிறவர்கள் இந்தக் கட்டுரையை மறந்துவிட்டு அந்தப் பழைய ஐ7-ஐயே வாங்கலாம். அதற்கு அதுவே அதிகம்.

கடைசியாக

தீபாவளிக்குச் சீட்டு விழுந்தது. ஆர்எக்ஸ் 6600 கார்டு 20,500-க்கு வாங்கிப் போட்டோம். 5600ஜி-யும் ஏ520 போர்டும் பிசிஐஇ 3.0 என்பதால் அந்தக் கார்டின் முழு வேகத்தில் கொஞ்சம் கழியும், 5600 போட்டிருந்தால் இன்னும் சில ஃபிரேம் வந்திருக்கும். தெரிந்தே ஏற்றுக்கொண்ட நஷ்டம் அது. 75 ஹெர்ட்ஸ் மானிட்டரில் அது கண்ணுக்குத் தெரியவும் இல்லை. பின்னாளில் அவன் சம்பாதித்து, அப்போதும் கிடைத்தால், இதே போர்டில் 5700எக்ஸ்3டி-யைப் போட்டுக்கொள்ளலாம்.

நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. கடலூரில் கரன்ட் இல்லை, அடுத்து தென்பெண்ணையில் வெள்ளம். போன் கிடைத்ததும் அக்காவிடம் முதலில் வீட்டைப் பற்றித்தான் கேட்டேன். "எல்லாரும் நல்லா இருக்கோம். தெருவுல தண்ணி ஏறுமோன்னு பயந்து, இவன் மொதல்ல அந்தப் பெட்டியத் தூக்கிப் பரண் மேல வச்சுட்டான். என் தையல் மெஷினை அப்புறம்தான் தூக்குனான்" என்றாள். கோபமாகச் சொன்னாளா சிரித்துக்கொண்டே சொன்னாளா என்று போனில் சரியாகத் தெரியவில்லை.

பொங்கலுக்குப் போனபோது பார்த்தேன். பெட்டி திரும்ப மேசைக்குக் கீழே வந்துவிட்டது, தையல் மெஷினுக்குப் பக்கத்தில். காலேஜில் கொடுத்த சி புரோகிராம் திரையில் ஓடிக்கொண்டிருந்தது. நான் அறைக்குள் வருவதைப் பார்த்து அவசரமாக மாற்றியதா என்பதை நான் விசாரிக்கவில்லை.